பயோ படித்துவிட்டுக் கணினி விஞ்ஞானம்: அந்த ஓர் அடித்தள வருடத்தை எங்கே படிப்பது?

கேள்வி:

வணக்கம் சேர். நான் உடுவிலில் இருந்து எழுதுகிறேன். உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. இரண்டாம் தரமும் எடுத்து உயிரியலுக்கு சி, இரசாயனவியலுக்கும் பௌதிகவியலுக்கும் எஸ் வந்தது. கம்பஸுக்கு இஸட் புள்ளி காணாது. எனக்கு முதலிலிருந்தே கொம்பியூட்டரில்தான் விருப்பம். வீட்டில் டொக்டர் ஆசை, அதனால் பயோ எடுத்தேன். ஓ.எல்.லில் கணிதம் ஏ, ஆங்கிலம் பி. ரவுணில் உள்ள ஒரு ஏஜென்சி, லண்டனில் ஒரு வருடம் ஃபவுண்டேஷனும் பிறகு மூன்று வருடம் கணினி விஞ்ஞானமும் படிக்கலாம் என்று சொல்கிறது. மாமா அங்கே இருப்பதால் காசு காட்டுவது பிரச்சினையில்லை என்கிறார்கள். அப்பா காணியை ஈடு வைக்கலாம் என்கிறார். ஆனால் ஃபவுண்டேஷன் என்பது படிப்பு ஏறாதவர்களுக்கு என்று உறவினர்கள் கதைக்கிறார்கள். கொழும்பில் ஒரு தனியார் நிறுவனமும் ஃபவுண்டேஷன் வைத்திருக்கிறது. கணிதம் படிக்காத என்னால் சமாளிக்க முடியுமா? அல்லது மூன்றாம் தரம் கணிதப் பிரிவில் எடுக்கவா? லாப்டொப் இப்போதே வாங்கவேண்டுமா?

பதில்:

தங்கச்சி, முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். காணி உறுதியை இப்போதைக்கு அலுமாரியை விட்டு வெளியே எடுக்கவேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். உங்களுக்கு ஓர் அடித்தள வருடம், அதாவது ஃபவுண்டேஷன், தேவை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த வருடத்தைப் பிரித்தானியப் பவுணில் காசு கொடுத்து வாங்கவேண்டிய நிலையில் நீங்கள் இல்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். அப்பாவும் அம்மாவும் கூட இருந்து வாசித்தால் நல்லது.

படிப்பு ஏறாதவர்களுக்கு என்ற கதையை முதலில் தூக்கி ஒரு பக்கம் வையுங்கள். இங்கிலாந்தில் பாடசாலைப் பிள்ளைகள் மூன்று பாடங்களோடு உயர்தரம் எழுதுகிறார்கள். வரலாறும் இலக்கியமும் படித்த பிள்ளை பிறகு கணினி படிக்க விரும்பினால் இடையில் ஒரு பாலம் வேண்டும். பத்து வருடம் வேலை செய்துவிட்டுத் திரும்பப் படிக்க வருகிறவருக்கும், வேறு நாட்டுப் பாடத்திட்டத்தில் படித்துவிட்டு வருகிறவருக்கும் அப்படித்தான். அந்த வருடம் அவர்களுடைய தர வரிசையில் 3ஆம் நிலை, அதாவது உயர்தரத்துக்குச் சமம். பட்டப்படிப்பின் முதல் வருடம் 4ஆம் நிலையில் தொடங்கி, இறுதி வருடம் 6ஆம் நிலையில் முடிகிறது. அடித்தள வருடத்தில் எடுக்கும் புள்ளி பட்டத்தின் வகுப்பைத் தீர்மானிக்கிற கணக்கில் சேராது. முதல் வகுப்பு எடுக்கிற வாய்ப்பு உங்களுக்கும் நேரடியாகச் சேர்ந்தவருக்கும் ஒன்றுதான்.

இது வெளிநாட்டுக்காரரின் ஏற்பாடு மட்டும் என்றும் நினைக்கவேண்டாம். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கணினிக் கல்லூரி 2000ஆம் ஆண்டிலிருந்து பிஐடி (தகவல் தொழில்நுட்ப இளமாணி) என்ற வெளிவாரிப் பட்டத்தை நடத்துகிறது. அதற்கான உயர்தரத் தகைமை இல்லாதவர்கள் உள்ளே வர எஃப்ஐடி என்றொரு அடித்தளச் சான்றிதழை வைத்தார்கள். அதில் மூன்று பாடங்கள்: கணினிப் பிரயோகங்கள், கணினித் துறைக்கான ஆங்கிலம், கணினித் துறைக்கான கணிதம். இலண்டனில் ஆனாலும் சரி, கொழும்பில் ஆனாலும் சரி, ஓர் அடித்தள வருடத்தைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது ஏறக்குறைய இதுதான். கொஞ்சம் நிரலாக்கம், நிறையக் கணிதம், அறிக்கை எழுதுகிற அளவுக்கு ஆங்கிலம், ஒரு சின்ன செயற்றிட்டம். யாராவது உங்களுக்கு ஃபவுண்டேஷன் விற்க வந்தால் கட்டடத்தின் படத்தைப் பார்க்காமல், இந்த நான்கையும் வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம் படிப்பிக்கிறார்கள் என்று கேளுங்கள். கணிதத்துக்கு வாரத்தில் ஒரேயொரு விரிவுரை, பயிற்சி வகுப்பு கிடையாது என்றால் அது உங்களுக்கு உதவாது.

இனிக் கணிதம். உங்கள் கடிதத்தில் உண்மையான பயம் இதுதான் என்று நினைக்கிறேன்.

கணினி விஞ்ஞானம் என்றால் இணைந்த கணிதம் முழுவதும் வேண்டும் என்று எங்கள் ஊரில் எல்லோரும் நம்புகிறார்கள். அரச பல்கலைக்கழக அனுமதி அப்படி அமைந்திருப்பதால் வந்த நம்பிக்கை அது. ஆனால் இணைந்த கணிதத்தில் பாதி பிரயோக கணிதம். கப்பியும் சாய்தளமும் எறியமும் பொறியியலுக்கு உயிர். ஒரு நிரலாளருக்கு அவற்றின் தேவை மிகக் குறைவு. கணினி விஞ்ஞானத்தின் முதல் இரண்டு வருடங்களில் திரும்பத் திரும்ப வருவது தொடைகள், தருக்கம், மடக்கை, தாயங்கள், நிகழ்தகவு, தொகுத்தறிவு முறையில் நிறுவுதல். இந்தப் பட்டியலை மறுபடியும் பாருங்கள். தொடையும் மடக்கையும் தாயமும் நிகழ்தகவும் நீங்கள் தரம் 10, 11இல் படித்து ஏ எடுத்தவை. மூன்று வருடமாகத் தொடாமல் விட்டதால் தூசு பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

சும்மா தைரியம் சொல்கிறேன் என்று நினைக்காமல் இருக்க இரண்டு விஷயத்தைக் கிட்டப் போய்க் காட்டுகிறேன்.

ஆயிரம் சுட்டெண்கள் ஏறுவரிசையில் எழுதப்பட்ட ஒரு பட்டியல் உங்களிடம் இருக்கிறது. உங்கள் சுட்டெண் எங்கே என்று தேடவேண்டும். மேலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஆகமோசமான நிலையில் ஆயிரம் தடவை பார்க்கவேண்டி வரும். அதை விட்டு, நடுவில் உள்ள எண்ணைப் பாருங்கள். உங்கள் எண் அதைவிடப் பெரிதா? மேல் பாதியை விட்டுவிடலாம், இனி ஐந்நூறில் தேடினால் போதும். திரும்ப நடுவைப் பாருங்கள். 250 ஆகும், பிறகு 125 ஆகும். இப்படியே போனால் பத்துப் பார்வைக்குள் எண் அகப்பட்டுவிடும், அல்லது பட்டியலில் இல்லை என்பது தெரிந்துவிடும். பத்து இலட்சம் பேரின் பட்டியல் என்றால்? ஆயிரம் மடங்கு பெரிது, ஆனால் இருபது பார்வை போதும். ஏனென்றால் இரண்டின் பத்தாம் அடுக்கு 1024, இருபதாம் அடுக்கு பத்து இலட்சத்தைச் சற்றுத் தாண்டுகிறது. இரண்டை அடியாகக் கொண்ட மடக்கை இதுவேதான். ஓ.எல்.லில் மடக்கை அட்டவணையைப் புரட்டிப் பெருக்கல் செய்தபோது இது எதற்கு என்று யாரும் சொல்லித் தந்திருக்கமாட்டார்கள். ஒரு தேடல் ஏன் வேகமாக நடக்கிறது, இன்னொன்று ஏன் இழுபடுகிறது என்று கணக்குப் பார்க்கிற கருவி அது.

மற்றது தருக்கம். ஒரு கற்கைநெறிக்குச் சேர கணிதத்தில் சித்தியும் வேண்டும், ஆங்கிலத்தில் சித்தியும் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தகுதியில்லாதவர்களைத் திருப்பி அனுப்பும் நிரல் ஒன்று எழுதவேண்டும். முதலாம் வருட மாணவர்களிடம் இதைக் கொடுத்தால் ஒவ்வொரு அணியிலும் சிலர், கணிதத்தில் சித்தி இல்லை, மற்றும் ஆங்கிலத்தில் சித்தி இல்லை என்றால் திருப்பி அனுப்பு என்று எழுதுவார்கள். வாசிக்கும்போது சரி போலத்தான் இருக்கும். ஓட்டிப் பார்த்தால் கணிதத்தில் சித்தியடைந்து ஆங்கிலத்தில் தவறியவர் தாராளமாக உள்ளே வந்துவிடுவார். அங்கே வரவேண்டியது மற்றும் இல்லை, அல்லது. இடைவெட்டின் நிரப்பி, நிரப்பிகளின் ஒன்றிப்புக்குச் சமம் என்று வென் வரிப்படம் கீறி நிழற்றினீர்களே, அந்த டி மோர்கன் விதிதான் இது. இந்தப் பிழையைக் கணிதப் பிரிவில் படித்து வந்தவர்களும் விடுகிறார்கள். படத்தைக் கீறிப் பார்க்கிற பழக்கம் உள்ளவர்கள் விடுவதில்லை.

ஆகவே மூன்றாம் தரம் கணிதப் பிரிவு வேண்டாம். இரண்டு வருடப் பாடத்தை ஒரு வருடத்துக்குள் ரியூஷன் ரியூஷனாக ஓடி முடித்து, அதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாமல் போய், கடைசியில் இஸட் புள்ளி என்ற லொத்தரியில் நிற்பதை நான் விரும்பவில்லை.

பயோ படித்தது வீண் என்றும் எண்ணவேண்டாம். படிப்பித்த அளவில் நான் கண்டது, பயோவிலிருந்து வருகிற பிள்ளைகள் நிரலாக்கத்தில் முதல் இரண்டு மூன்று மாதம் திணறி, பிறகு மற்றவர்களோடு சமமாகி விடுவார்கள். பரிசோதனைக் குறிப்பு எழுதிப் பழகியதால் எந்தச் சோதனையில் என்ன விளைவு வந்தது என்று ஒழுங்காகக் குறித்து வைப்பார்கள். நிரலில் பிழை தேடும்போது அந்தப் பழக்கம் கைகொடுக்கும். அவர்கள் மறுபடியும் திணறுவது இரண்டாம் வருடத்தில் வழிமுறைகள் (அல்கோரிதம்) பற்றிய பாடத்தில், அதுவும் நிறுவல் வரும்போது. அதற்கு மருந்து முதலே கணிதப் பயிற்சி செய்வது. வேறு குறுக்குவழி இல்லை.

சரி, லண்டன் விஷயத்துக்கு வருவோம். ஏஜென்சி சொன்னதை நான் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் சொல்லாமல் விட்டவை பல.

அங்கே இரண்டு வகை அடித்தள வருடம் உண்டு. ஒன்று, பட்டத்தோடே சேர்ந்து வருவது. பல்கலைக்கழகமே நான்கு வருடத்துக்கும் ஒரே அனுமதி தரும். மற்றது, தனியாக ஒரு கல்லூரியில் ஒரு வருடம் படித்து, புள்ளி எடுத்து, பிறகு பல்கலைக்கழகத்துக்குப் போவது. இரண்டையும் ஏஜென்சிகள் ஃபவுண்டேஷன் என்ற ஒரே பெயரில்தான் விற்கும். தனிக் கல்லூரியில் அடித்தளப் படிப்பு மட்டும் என்றால் பட்ட நிலைக்குக் கீழே என்பதால் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 10 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். பட்ட நிலைப் படிப்பு என்றால் 20. வேலை செய்து செலவைச் சமாளிக்கலாம் என்று யாராவது கணக்குச் சொன்னால், எந்த எண்ணை வைத்துச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். தவிர, ஒரு வருடம் முடிய அடுத்த விசாவுக்குத் திரும்ப விண்ணப்பிக்கவும் வேண்டும்.

அனுமதிக் கடிதத்தில் இன்னொரு வரியைத் தேடுங்கள். அடித்தள வருடத்திலிருந்து முதல் வருடத்துக்கு ஏறுவதற்கான நிபந்தனை. சில இடங்களில் எல்லாப் பாடத்திலும் சித்தியடைந்தால் போதும். சில இடங்களில் மொத்தப் புள்ளி இவ்வளவு, அதோடு கணிதத்தில் தனியாக இவ்வளவு என்று கேட்பார்கள். அது கிடைக்காவிட்டால் கணினி விஞ்ஞானத்துக்குப் பதிலாக வேறொரு இலகுவான பட்டத்துக்குத் தள்ளி விடுவார்கள். நீங்கள் போனது ஒன்றுக்கு, படிப்பது வேறொன்றாக முடியும். இந்த நிபந்தனையை வாயால் சொல்வது காணாது, எழுத்தில் வேண்டும். பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்திலும் அது இருக்கவேண்டும்.

இப்போது மாமா. இதை அப்பா வடிவாக வாசிக்கவேண்டும். பிரித்தானிய மாணவர் விசாவுக்கு முதல் வருடக் கட்டணத்தில் கட்டவேண்டிய மிச்சமும், ஒன்பது மாதம் வரையான வாழ்க்கைச் செலவும் வங்கியில் தொடர்ந்து 28 நாள் இருந்ததைக் காட்டவேண்டும். அந்தக் கணக்கு உங்கள் பெயரில் இருக்கலாம், பெற்றோரின் பெயரில் இருக்கலாம், சட்டப்படியான பாதுகாவலரின் பெயரில் இருக்கலாம். தாய்மாமனின் கணக்கு செல்லாது. அவர் எவ்வளவு வசதியாக இருந்தாலும், எவ்வளவு பாசமாக இருந்தாலும், அவருடைய வங்கிக் கூற்றை இணைத்தால் விண்ணப்பம் தள்ளுபடியாகும். மாமா உண்மையிலேயே தருவதென்றால் காசை உங்கள் கணக்குக்கோ அப்பாவின் கணக்குக்கோ அனுப்பி, அது 28 நாள் அங்கே கிடக்கவேண்டும். மாமா இருக்கிறார், காசு காட்டுவது பிரச்சினையில்லை என்று ஏஜென்சி சொன்னதன் அர்த்தம் என்ன என்று நேரே கேளுங்கள். வட்டிக்குக் காசு போட்டு 28 நாள் காட்டிவிட்டு எடுத்துவிடலாம் என்று பதில் வந்தால் எழும்பி வந்துவிடுங்கள். அந்தக் காசு இல்லாமல் அங்கே போய் இரண்டாம் தவணைக் கட்டணத்துக்கு என்ன செய்வீர்கள்? போலி ஆவணம் என்று பிடிபட்டால் பத்து வருடத்துக்கு விசாக் கதவு மூடப்படும். அந்தத் தடை உங்கள் பெயரில்தான் விழும், ஏஜென்சியின் பெயரில் அல்ல.

சுகாதாரக் கட்டணம் என்று ஒன்றும் உண்டு. மாணவருக்கு வருடத்துக்கு 776 பவுண். அதை வருடா வருடம் கட்ட முடியாது, விசா விண்ணப்பத்தோடு முழுக் காலத்துக்கும் சேர்த்துக் கட்டவேண்டும். நான்கு வருடப் படிப்புக்கு அதுவே மூவாயிரம் பவுணைத் தாண்டும். ஏஜென்சி தந்த செலவுப் பட்டியலில் இது இருக்கிறதா என்று பாருங்கள்.

இவ்வளவும் எழுதியது லண்டன் படிப்பு கூடாது என்பதற்காக அல்ல. காசு வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளை, பட்டத்தோடு சேர்ந்த அடித்தள வருடமுள்ள நல்ல பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் எடுத்தால், போய்ப் படியுங்கள் என்று சந்தோஷமாகச் சொல்வேன். ஒரு வருடம் ஆங்கிலச் சூழலில் கணிதத்தையும் நிரலாக்கத்தையும் ஆறுதலாகப் படிக்கக் கிடைப்பது பெரிய விஷயம். உங்கள் விஷயத்தில் தடை காணி. நீங்கள் மடக்கையையும் தாயத்தையும் மீட்டிக்கொள்வதற்கு, அப்பா ஆயுள் முழுக்கச் சேர்த்த ஒன்றை ஈடு வைக்கிறார். அந்த வருடத்தின் பாடத்தை இங்கேயே படிக்கலாம் என்னும்போது அது நியாயமான விலை அல்ல.

கொழும்பு நிறுவனத்தின் ஃபவுண்டேஷன் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உயர்தரத்தில் மூன்று பாடமும் சித்தியடையாதவர்களுக்கும், ஓ.எல்.லோடு நேரே பட்டப்படிப்புக்குப் போக விரும்புபவர்களுக்கும்தான் அது பெரும்பாலும் பயன்படும். உங்களிடம் மூன்று பாடச் சித்தி இருக்கிறது. அதே நிறுவனத்தில் ஃபவுண்டேஷன் இல்லாமல் முதல் வருடத்துக்கே எடுப்பார்களா என்று ஒருமுறை கேளுங்கள். எடுப்போம் என்றால், ஃபவுண்டேஷனை ஏன் முதலில் காட்டினார்கள் என்றும் யோசியுங்கள். தனியார் பட்டம் எதுவானாலும், 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் பட்டம் வழங்கும் அங்கீகாரம் அந்த நிறுவனத்துக்கு அந்தக் கற்கைநெறிக்கு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். வெளிநாட்டுப் பட்டம் என்றால், அந்தப் பல்கலைக்கழகத்தை எங்கள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று பார்க்கவேண்டும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் செய்வது இது.

பிஐடிக்குப் பதிவு செய்வேன். மூன்று பாடச் சித்தியோடு உங்களுக்கு அந்த வழி திறந்திருக்கிறது. ஆங்கில மொழிமூலம், உங்கள் பி போதும். அந்தப் பட்டத்தில் எனக்குப் பிடித்தது அதன் படிக்கட்டு அமைப்பு. முதல் வருடம் முடித்தால் டிப்ளோமா, இரண்டாம் வருடம் முடித்தால் உயர் டிப்ளோமா, மூன்றாம் வருடத்தில் பட்டம். எங்கே நின்றாலும் கையில் ஒன்று இருக்கும். வீட்டிலிருந்தே படிக்கலாம். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். வெளிவாரிப் பட்டத்தை ஆர்வத்தோடு தொடங்கி இடையில் விடுபவர்கள் நிறையப் பேர். கேள்வி கேட்க ஆள் இல்லை, கூடப் படிக்க ஆள் இல்லை என்றால் மனம் விட்டுப்போகும். தனியே உட்கார்ந்து படிக்கிற சுபாவம் உங்களுக்கு இல்லையென்றால், குருநகரில் இருக்கிற உயர் தொழில்நுட்பவியல் நிறுவனத்தின் தகவல் தொழில்நுட்ப உயர் தேசிய டிப்ளோமாவைப் பாருங்கள். அரச நிறுவனம், முழுநேர வகுப்புக்குக் கல்விக் கட்டணம் இல்லை, தினமும் போய்வரும் வகுப்பறை இருக்கும். சிநேகிதிகளும் கிடைப்பார்கள். அதைச் சின்ன விஷயம் என்று நினைக்கவேண்டாம். நிரல் ஓடாத நாளில் பக்கத்து மேசையில் ஒருவர் இருப்பது பாதிப் படிப்பு. திறந்த பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாணப் பிராந்திய நிலையத்திலும் ஒருமுறை விசாரியுங்கள்.

இந்த வழிகளில் போனால் லண்டன் போகாமல் விடுவதில்லை, தள்ளிப் போடுகிறீர்கள். உயர் டிப்ளோமா மட்டத்தில் இரண்டு வருடப் படிப்பை முடித்தவர்களைப் பல பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் இறுதி வருடத்துக்கு எடுக்கின்றன. டொப்-அப் என்று சொல்வார்கள். எந்த டிப்ளோமாவை எந்தப் பல்கலைக்கழகம் ஏற்கும் என்பதைச் சேர முன்னரே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப் போனால் நான்கு வருடக் கட்டணத்துக்குப் பதிலாக ஒரு வருடக் கட்டணம். மாமாவின் உதவி அப்போது உண்மையிலேயே பெறுமதியாக இருக்கும். போகும்போது நிரல் எழுதத் தெரிந்தவராகப் போவீர்கள் என்பது வேறு.

எதில் சேர்ந்தாலும் வகுப்பு தொடங்க முன் உங்களுக்குச் சில மாதம் இருக்கிறது. அதைத்தான் நான் உங்கள் அடித்தள வருடம் என்று பார்க்கிறேன். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தரம் 11 கணித நூல் தமிழிலும் உண்டு, ஆங்கில மொழிமூலத்திலும் உண்டு. இரண்டையும் இணையத்தில் இலவசமாக இறக்கலாம். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். தொடைகள், மடக்கை, தாயங்கள், நிகழ்தகவு ஆகிய அலகுகளை முதலில் தமிழில் செய்து, அதே பயிற்சியை ஆங்கில நூலில் திரும்பச் செய்யுங்கள். விடை தெரிந்த கணக்கை ஆங்கிலத்தில் வாசிக்கும்போது கலைச்சொற்கள் தானாகப் படியும். முதல் வருட விரிவுரையில் எங்கள் பிள்ளைகள் பலர் தடுமாறுவது கணிதம் தெரியாமல் அல்ல, தெரிந்த கணிதம் ஆங்கிலத்தில் வரும்போது அடையாளம் தெரியாமல்தான்.

நிரலாக்கத்துக்கு பைத்தன் மொழியோடு தொடங்குங்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகம் தொடக்கநிலையினருக்கு பைத்தன் பாடநெறி ஒன்றை இணையத்தில் இலவசமாகத் தந்திருக்கிறது. அது முடிந்தபின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் சிஎஸ்50 என்ற கணினி விஞ்ஞான அறிமுகப் பாடநெறியின் விரிவுரைகளையும் இலவசமாகப் பார்க்கலாம். அது கடினம், பயப்படவேண்டாம், விளங்காத இடத்தைத் திரும்பப் பாருங்கள். பார்த்துக்கொண்டே போவது படிப்பு ஆகாது. ஒவ்வொரு பாடத்துக்கும் பிறகு காணொளியை மூடிவிட்டு, அதே நிரலை வெறுந்திரையில் எழுதிப் பாருங்கள். முதலில் மேலே சொன்ன சுட்டெண் தேடலை எழுதுங்கள். பட்டியலில் இல்லாத எண்ணைக் கொடுத்தாலும் நிரல் சிக்கிக் கிடக்காமல் நிற்கவேண்டும். அதைச் சரியாக எழுத ஒரு வாரம் எடுத்தாலும் பரவாயில்லை. சில மாதம் இப்படிச் செய்தபின் பிடித்திருக்கிறது என்று தோன்றினால் பதிவுக் காசைக் கட்டுங்கள். பிடிக்கவில்லை, கொம்பியூட்டரைப் பாவிப்பதுதான் பிடித்திருந்தது என்று தெரிந்தாலும் நல்லதுதான், ஒரு சதமும் செலவழியாமல் தெரிந்துகொண்டீர்கள்.

உறவினர்களுக்கு என்ன பதில் சொல்வது என்பதை என்னிடம் விட்டால், ஒன்றும் சொல்லவேண்டாம் என்பேன். அம்மா அப்பாவோடு மட்டும் மனம்விட்டுக் கதையுங்கள். டொக்டர் ஆசையை அவர்கள் இன்னும் முழுதாக விடவில்லை என்பது உங்கள் கடிதத்தில் தெரிகிறது. லண்டன் என்று அப்பா அவசரப்படுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நீங்கள் எழுதிய நிரல் ஒன்று ஓடுவதை அவர்களுக்குக் காட்டுங்கள். அப்பாவின் கடைக் கணக்கோ அம்மாவின் சீட்டுக் கணக்கோ, வீட்டில் பயன்படுகிற ஏதாவது ஒன்று.

கடைசியாக லாப்டொப். பைத்தன் படிப்பதற்கு விலை உயர்ந்தது தேவையில்லை. எட்டு ஜீபீ ரேம், எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகம் உள்ள பாவித்த லாப்டொப் ஒன்றே முதல் இரண்டு வருடத்துக்குப் போதும். பதினாறு ஜீபீ கிடைத்தால் நல்லது. கேமிங் லாப்டொப் என்று கடைக்காரர் காட்டுவதை வாங்கவேண்டாம். அந்தக் காசு வேறு தேவைக்கு வரும். தொலைபேசியில் நிரல் எழுதிப் பழகவும் வேண்டாம். விரலுக்கும் கண்ணுக்கும் கூடாத பழக்கம் அது. பாவித்ததை வாங்குவதானால் கடையில் வைத்தே சார்ஜரைக் கழற்றிவிட்டு அரைமணி நேரம் ஒரு காணொளியை ஓடவிடுங்கள். பற்றரி சடசடவென்று இறங்கினால், புதுப் பற்றரி போட்டுத் தரும்படி கேளுங்கள், அல்லது அந்த விலையைக் கழிக்கச் சொல்லுங்கள்.